பதினொன்றே கால் ரூபாய்

கோயில் திருப்பணிப் பத்திரிகைகளில் ‘ஜீர்ணோத்தாரணம்’ என்னும் சொல்லை அன்பர்கள் பலமுறை படித்திருப்பீர்கள். சிதைந்து போனதை மீண்டும் எடுத்து நிறுத்துதல் என்பது அதன் பொருள். வங்கிப் பணியில் ஊர் ஊராக மாற்றலாகிச் சென்ற காலத்தில், சில திருப்பணிக் குழுக்களுக்கு வரவு செலவுக் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் பேறு எனக்குக் கிட்டியது. அப்போது ஒரு முதிய ஸ்தபதி என்னிடம், “கெட்டதை மாத்தணும், கெடாததைத் தொடக் கூடாது. எது கெட்டது, எது கெடாததுன்னு பிரிக்கிறதுலதான் பாதி வேலை” என்றார். பின்னாளில் என் தந்தையாருடன் அமர்ந்து ஒரு பழைய காரைச் சீர்செய்த ஒன்றரை ஆண்டுக் காலத்தில் அந்தச் சொல் பலமுறை என் நினைவுக்கு வந்தது.

காருக்கும் இந்தப் பக்கத்திற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். அந்த வண்டி தன் வாழ்நாளில் ஓடிய தூரத்தில் பெரும்பகுதி கோயில்களுக்குத்தான். சிறுவாச்சூர், வாலிகண்டபுரம், கல்லங்குறிச்சி, கங்கைகொண்ட சோழபுரம் என்று எங்கள் பகுதியில் அது போகாத சந்நிதி இல்லை. அதை மீண்டும் ஓட வைக்க வேண்டி வந்ததற்குக் காரணமும் ஒரு நேர்த்திக்கடன்.

எங்கள் ஊர் எறையூர். பெரம்பலூர் மாவட்டத்தில் சர்க்கரை ஆலையால் பெயர் பெற்ற ஊர். 1970களின் பிற்பகுதியில் பொதுத்துறை நிறுவனமாக அந்த ஆலை இங்கே எழுந்தபோது, இயந்திரப் பிரிவு மேற்பார்வையாளராக அப்பா வந்து சேர்ந்தார். அரவைப் பருவம் தொடங்கிவிட்டால் அவருக்கு இரவும் பகலும் ஒன்றுதான். உருளைகள் சுழலும் ஓசையில் ஒரு சிறு மாறுதல் தோன்றினாலும் உறக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்று அம்மா சொல்வதுண்டு. 1981-இல் திருச்சியில் ஒரு மருத்துவரிடமிருந்து இரண்டாம் கையாக அவர் வாங்கியதுதான் அந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1967-ஆம் ஆண்டு வண்டி, இரண்டே கதவுகள், வெளிர் நீல நிறம்.

ஹெரால்டு என்றதும் மூத்த வாசகர்களுக்கு நினைவு வந்திருக்கும். அம்பாசிடர், பியட், ஹெரால்டு ஆகிய மூன்றும்தான் அன்றைய இந்தியாவின் கார்கள். அவற்றுள் நம் தமிழ்நாட்டில் பிறந்தது இது ஒன்றே. வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் இதைச் செய்தார்கள். இதன் மூலம் இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு. அங்கே 1959-இல் வெளிவந்தது. வடிவமைத்தவர் இத்தாலியின் டூரின் நகரத்தைச் சேர்ந்த மிக்கேலாட்டி. இதே சேஸிஸை நீளம் குறைத்து, இதே முன்சக்கர அமைப்பைப் பொருத்தி, அதே மிக்கேலாட்டியின் கைவண்ணத்தில் 1962-இல் ‘ஸ்பிட்பயர்’ என்னும் பந்தயச் சாயல் கொண்ட திறந்த கார் வந்தது. மேலைநாடுகளில் தந்தையும் மகனுமாகத் துருப்பிடித்த ஸ்பிட்பயர்களைப் பழைய கொட்டகைகளிலிருந்து இழுத்து வந்து சீர்செய்வது ஒரு பெரிய பொழுதுபோக்கு. அந்தப் பந்தயக்காரனின் உடன்பிறந்த சாதுவான அண்ணன்தான் எங்கள் வீட்டு வண்டி. இந்த உறவினால் பிற்பாடு எங்களுக்கு ஒரு பெரிய நன்மை விளைந்தது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

சாதுவானாலும் அதற்கென்று சில தனிக் குணங்கள் உண்டு. அதன் பானெட் மற்ற வண்டிகளைப் போல மேலே மட்டும் திறப்பதன்று. விளக்குகள், இரு பக்க மட்கார்டுகள் உட்பட முன்பகுதி முழுவதும் முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். முன்சக்கரத்தின் மீதே உட்கார்ந்து எஞ்சினைப் பழுது பார்க்கலாம். மற்றொன்று, 25 அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும். குறுகலான சந்நிதித் தெருக்களில் பெரிய கார்கள் முன்னும் பின்னுமாகத் தடுமாறும்போது எங்கள் வண்டி ஒரே வளைவில் திரும்பி நிற்கும். அம்மாவுக்கு அதில் அளவற்ற பெருமை. பின்சக்கரங்கள் தனித்தனியே ஆடும் அமைப்பு ஆதலால், பின் இருக்கையில் மூன்று பேர் ஏறினால் சக்கரங்கள் கால் அகட்டி நிற்பது போல விரிந்துவிடும். அதற்காகப் பருமனான உறவினர்களை அம்மா முன் இருக்கைக்கு அனுப்பிவிட்டுத் தாம் குனிந்து பின்னால் ஏறிக்கொள்வார்.

2004-இல் அம்மா இறைவனடி சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அப்பா வண்டியைக் கொட்டகையில் விட்டு, பேட்டரி இணைப்பைக் கழற்றி, சாவியை பூஜை அறை அலமாரியில் வைத்தார். அதன் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் அப்போது வேறு மாவட்டத்தில் கிளை மேலாளர். விடுமுறைக்கு வரும்போது கொட்டகைப் பக்கம் போனால், கருவேலஞ்சருகும் கோழி எச்சமும் மூடிய ஒரு மேடு தெரியும்.

நான் 2019-இல் ஓய்வு பெற்று எறையூருக்கே வந்துவிட்டேன். அடுத்த ஆண்டே பெருந்தொற்று. கோயில்கள் மூடியிருந்த அந்த மாதங்கள் முதியவர்களுக்கு எப்படியிருந்தன என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவுக்கு இடக்கண்ணில் பார்வை முன்பே போயிருந்தது. வலக்கண்ணிலும் நீர் அழுத்தம். காலையில் திண்ணையில் உட்கார்ந்தால் மாலை வரை அதே இடத்தில் இருப்பார். பேச்சு குறைந்துகொண்டே வந்தது. 2021 ஆகஸ்டில் பழைய வாகனங்களை அழிக்கும் கொள்கையை மத்திய அரசு தொடங்கி வைத்தது. அந்தச் செய்தி பரவிய வாரத்தில் பழைய இரும்பு வியாபாரி ஒருவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். எடைக்கு விலை பேசினார். நான் பதில் சொல்வதற்குள் திண்ணையிலிருந்து குரல் வந்தது. “எடை போடறதுக்கு அது என்ன கரும்பா?”

மறுநாள் காலை அப்பா என்னிடம் சாவியைக் கொடுத்தார்.

கொட்டகையைத் திறந்தபோது என் மனத்தில் ஓடியது தேய்மானக் கணக்குத்தான். ஏட்டின்படி அந்த வண்டியின் மதிப்பு என்றோ சுழியமாகிவிட்டது. டயர்கள் மண்ணோடு மண்ணாக ஒட்டியிருந்தன. பேட்டரித் தட்டு தொட்டதும் உதிர்ந்தது. கதவுகளின் அடிப்பகுதி பல்லாங்குழி போல இருந்தது. துரு என்பது இரும்பு, ஈரம், காற்று மூன்றும் சேர்ந்து செய்யும் வேலை. தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அது அடைத்துக்கொள்ளும். அதனால்தான் ஏடு ஏடாகப் புடைத்து வெடிக்கிறது. இதை அப்பா விளக்கியபோது அவர் குரல் ஆலைக் காலத்துக் குரலாக இருந்தது. கைத்தடியின் நுனியால் அடிச்சட்டத்தை ஓரோர் அடியாகத் தட்டிக்கொண்டே சென்றார். ‘டங்’ என்றால் நல்லது. ‘தொப்’ என்றால் போய்விட்டது. நான் சாக்கட்டியால் அடையாளம் இட்டேன். நடுவில் செல்லும் இரண்டு பெரிய சட்டங்களும் நன்றாக இருந்தன. அவற்றிலிருந்து பக்கவாட்டில் நீண்டு உடற்பகுதியைத் தாங்கும் கைச்சட்டங்கள் ஆறில் நான்கு ‘தொப்’. ஸ்தபதி சொன்ன பாதி வேலை ஒரு கண் மட்டும் அரைகுறையாகத் தெரியும் எண்பத்தாறு வயதுக்காரரால் ஒரு முற்பகலில் முடிந்தது.

முதலில் நான் எண்ணியது வேறு. அப்பாவுக்கு ஒரு பொழுதுபோக்கு. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் குற்றமில்லை. இரண்டாம் வாரத்தில் அந்த எண்ணத்திற்கு இடமில்லாமல் போயிற்று.

முன் இருக்கைகளைக் கழற்றிக்கொண்டிருந்தோம். இடப்பக்க இருக்கையின் அடியில், ஸ்பிரிங் கம்பிக்கும் சாக்குக்கும் இடையே ஒரு சிறு முடிச்சு கிடைத்தது. மஞ்சள் துணி. எலி கடித்தது போக மீதி. பிரித்தால் இரண்டு ஐந்து ரூபாய் நாணயம், ஒரு ரூபாய் நாணயம், காண்டாமிருகம் பொறித்த இருபத்தைந்து காசு. பதினொன்றே கால் ரூபாய்.

அப்பாவின் உள்ளங்கையில் வைத்தேன். விரலால் தடவிப் பார்த்தார். சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “மதுரகாளிக்கு முடிஞ்சது. என் கண் ஆபரேஷனப்ப” என்றார். 2003-இல் அவருக்கு நடந்த அறுவைச் சிகிச்சை அது. கண் நல்லபடியாக இருந்தால் இந்த வண்டியிலேயே வந்து காணிக்கை செலுத்துவதாக அம்மா வேண்டிக்கொண்டிருக்கிறார். வலக்கண் பிழைத்தது. போகலாம் போகலாம் என்று நாள் தள்ளிப் போயிற்று. அதற்குள் அம்மா படுத்துவிட்டார். முடிச்சை அவர் எங்கே வைத்தார் என்பது பதினேழு ஆண்டுகளாக அப்பாவுக்குத் தெரியாது. வேறு காசு முடிந்து போடலாம் என்று உறவினர் சொன்னபோது அவர் ஒப்பவில்லையாம். அதை நான் அன்றுதான் அறிந்தேன்.

வங்கிப் பழக்கம் போகாதல்லவா? “அப்பா, கால் ரூபாய் நாணயம் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாது” என்றேன்.

“அம்மனுக்குச் செல்லும்” என்றார் அப்பா.

ஒன்று சொல்ல வேண்டும். அத்தனை இரும்பும் துருப்பிடித்த அந்த வண்டியில் அந்தக் கால் ரூபாய் மட்டும் புதுக்கருக்கு அழியாமல் இருந்தது. அது எவர்சில்வர் நாணயம் என்பதால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் நான் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலை அன்றிலிருந்து மாறிற்று. அப்பாவின் கைக்கு இறுகிய போல்ட்டைத் திருப்பும் வலு இல்லை. எனக்கு அந்த வலு இருந்தும் எதை எப்பக்கம் திருப்புவது என்ற அறிவு இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு மெக்கானிக் ஆனோம். பெரம்பலூரிலிருந்து ஓர் இளைஞர் வெல்டிங்குக்கும் டிங்கர் வேலைக்கும் வந்து போனார். அவர் கொண்டு வந்த ஸ்பேனர்கள் மில்லிமீட்டர் அளவு. ஹெரால்டின் போல்ட்டுகளோ அங்குல அளவு. பொருந்தாத ஸ்பேனரைப் போட்டால் முனை மழுங்கிவிடும். அப்பா தம் பழைய தகரப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். அரை அங்குலம், ஒன்பதின் கீழ் பதினாறு என்று கேட்டால் பார்க்காமலே கைவிட்டு எடுத்துக் கொடுப்பார். அந்த இளைஞர் முதல் வாரம் அப்பாவை ‘தாத்தா’ என்று அழைத்தார். மூன்றாம் வாரம் ‘ஐயா’ என்றார்.

துருவை நீக்கியது எங்கள் ஊர்ச் சரக்கு. சர்க்கரை ஆலையில் சர்க்கரையைப் பிரித்த பின் எஞ்சும் கழிவுப்பாகு, அதாவது மொலாசஸ், துருவைத் தின்னும். ஒரு பங்கு பாகுக்கு ஒன்பது பங்கு தண்ணீர்; இரும்புப் பொருள்களை அதில் முழுக்கிப் பத்துப் பதினைந்து நாள் விட்டால் துரு கரைந்து, அடியிலிருக்கும் நல்ல இரும்பு சாம்பல் நிறத்தில் வெளிப்படும். அமிலத்தைப் போல நல்ல இரும்பையும் சேர்த்து அரிக்காது. அலுமினியத்தை மட்டும் அதில் போடக் கூடாது, தின்றுவிடும். சாராயம் காய்ச்சப் பயன்படும் பொருள் என்பதால் ஆலையிலிருந்து நினைத்தவுடன் வாங்கி வர இயலாது, கட்டுப்பாடுகள் உண்டு. மாட்டுத் தீவனக் கடையில் கிடைத்ததை வாங்கினோம். பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்றில் கரைத்துப் பிரேக் டிரம், ஸ்பிரிங், கீல்கள், கைப்பிடிகள் எல்லாவற்றையும் மூழ்க வைத்தோம். ஐந்தாம் நாள் அதன் மேல் நுரை படர்ந்தது. நாற்றத்தைப் பற்றி எழுதாமல் விடுகிறேன். என் மனைவி ஒரு மாதம் புழக்கடைச் சன்னலைத் திறக்கவில்லை. ஆனால் பன்னிரண்டாம் நாள் வெளியே எடுத்த கீலைக் கழுவி அப்பா கையில் கொடுத்தபோது, அவர் கட்டைவிரலால் வழித்துப் பார்த்து, “வார்ப்பு எழுத்து படிக்க முடியுது” என்றார். அவர் படித்தது விரலால். கழுவிய உடனே துடைத்து எண்ணெய் பூசிவிட வேண்டும். ஒரு மணி நேரம் விட்டாலும் புதுத் துரு பூக்கும்.

எஞ்சின் இறுகிக் கிடந்தது. பிளக்குகளைக் கழற்றி, ஓட்டைகள் வழியாக டீசலும் எஞ்சின் எண்ணெயும் கலந்து ஊற்றி, ஒரு வாரம் காத்திருந்தோம். பிறகு நாள்தோறும் சிறிதளவு ஊற்றி, நீண்ட கம்பியால் மெல்ல அசைத்தோம். அவசரப்பட்டுப் பலமாக முறுக்கினால் உள்ளே பிஸ்டன் வளையங்கள் உடையும். பதினோராம் நாள், கால் அங்குலம் அசைந்தது. அப்பா தம் உள்ளங்கையை எஞ்சின் மீது வைத்துக்கொண்டிருந்தார். அசைவு எனக்குத் தெரியும் முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது.

முன்சக்கர விஷயம் சற்று விரிவாகச் சொல்லத் தகுந்தது. ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டு, கீழே வெண்கல மூட்டு ஒன்றில் திருகாணி போல இறங்கியிருக்கும். வண்டியைத் திருப்பும்போதெல்லாம் அந்தத் திருகுதான் சுழல்கிறது. டிரனியன் என்பார்கள். அதற்கு கிரீஸ் அடிக்கக் கூடாது. கெட்டியான கியர் எண்ணெய்தான் விட வேண்டும். கிரீஸ் காய்ந்து கல்லாகிவிடும், எண்ணெய் புகாது, ஈரம் தங்கும். ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் படுத்துவிடும். முன்பு ஒரு பட்டறையில் அறியாமல் கிரீஸ் அடித்து அனுப்பியிருந்தார்கள். அதைத் தோண்டி எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. வலப்பக்கத் தண்டில் திருகின் வேர்ப் பகுதியை அப்பா நகத்தால் வருடினார். “இங்க ஒரு கோடு இருக்கு” என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த இளைஞருக்கும் தெரியவில்லை. மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்து, மேலே சுண்ணாம்புப் பொடியைத் தூவினோம். விரிசலுக்குள் புகுந்திருந்த மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து, முடி அளவுக் கோடு ஈரமாகத் தெரிந்தது. அந்தத் தண்டோடு ஓட்டியிருந்தால் நெடுஞ்சாலையில் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க நான் விரும்பவில்லை.

புதிய தண்டுக்கு எங்கே போவது? சென்னைப் புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்தேன். கிடைத்தவை எல்லாம் எங்களுடையதைவிட மோசம். அப்போதுதான் அந்தப் பந்தயத் தம்பியின் உறவு கைகொடுத்தது. இங்கிலாந்தில் ஸ்பிட்பயர் வைத்திருப்போர் இன்றும் ஏராளம். அவர்களுக்காக அந்த உதிரிப் பாகங்களை இன்றும் செய்து விற்கிறார்கள். தண்டும் மூட்டும் ரப்பர்களும் அஞ்சலில் வந்தன. சுங்க வரியையும் சேர்த்துப் பார்த்தால், 1981-இல் முழு வண்டிக்கு அப்பா கொடுத்த விலையைவிட அதிகம். அப்பாவிடம் தொகையைச் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

பெட்ரோல் குழாய்களையும் மாற்ற வேண்டியிருந்தது. 2022-இன் நடுவில் நாடு முழுவதும் பெட்ரோலில் 10 விழுக்காடு எத்தனால் கலக்கும் நிலை வந்தது. பின்னர் அது 20-ஐ நோக்கிச் சென்றது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய காலத்து ரப்பரை இளக்கும். அதைத் தாங்கும் புதுக் குழாய்களும் பம்புக்குப் புது டயாபிரமும் போட்டோம். அந்த எத்தனாலில் ஒரு பகுதி அதே கழிவுப்பாகிலிருந்து வடிப்பது. “துருவை எடுத்ததும் நம்ம பாகு, குழாயைக் கெடுக்கறதும் நம்ம பாகு” என்று அப்பா சிரித்தார். பெருந்தொற்றுக்குப் பின் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அதுவே முதல் முறை.

எங்களுக்குள் ஒரு கருத்து வேறுபாடும் எழுந்தது. 2021-இல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதி செய்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, மூல வடிவம் மாறாத வண்டிகளைத் தனி வரிசையில் பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். எனக்கு அதில் மிகுந்த விருப்பம். ஒரு மதிப்பு, ஒரு சான்றிதழ். எல்லா விதிகளையும் அச்சிட்டு ஒரு கோப்பே போட்டுவிட்டேன். அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். இத்தகைய வண்டியை அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு, ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பழுது பார்த்தல் ஆகியவற்றுக்கே சாலையில் வரலாம் என்ற இடம் வந்ததும் அப்பா கை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

“சிறுவாச்சூர் போறது இதுல எதுல வருது?”

எதிலும் வரவில்லை. “மூலவர் நகர மாட்டார், சரி. உற்சவரைச் செஞ்சு வெச்சுட்டு வீதிக்கு வரக் கூடாதுன்னா எப்படி?” என்றார். சாதாரண வண்டியாகவே பதிவைப் புதுப்பிப்பது என்று முடிவாயிற்று. பதினைந்து ஆண்டு கடந்த தனியார் கார்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கும் முறை அது. 5,000 ரூபாய் கட்டணம், பசுமை வரி, காலம் கடந்ததற்கான அபராதம் எல்லாம் கட்டினோம்.

அப்படியானால் பாதுகாப்புக்குச் சீட்பெல்ட் போட வேண்டும், பின்னால் பெரிய பிரேக் விளக்கு வைக்க வேண்டும் என்றார் அப்பா. 1967 வண்டிக்கு அவை இயல்பு அல்ல என்று நான் தயங்கினேன். அவர் தேரைச் சொன்னார். திருச்சி பாரத மிகுமின் நிறுவனம் எத்தனையோ கோயில் தேர்களுக்கு மரச் சக்கரத்துக்குப் பதில் இரும்புச் சக்கரமும் அச்சும் செய்து கொடுத்திருக்கிறது. திருவாரூர் ஆழித்தேருக்கு பிரேக்கே உண்டு. “அதனால தியாகராஜர் தேர்ல ஏறாம இருக்காரா?” என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு என் கோப்பில் விடை இல்லை. பெல்ட் போட்டோம். வண்ணத்தில் மட்டும் என் பிடிவாதம் வென்றது. இருக்கைக்கு அடியில் வெயில் படாமல் இருந்த ஒரு துண்டுப் பழைய பூச்சை வைத்து அதே வெளிர் நீலத்தைக் கலக்கச் செய்தேன். அப்பாவுக்கு நிறம் சரியாகத் தெரியாது, “உங்கம்மா சொன்ன நிறமா?” என்று மட்டும் கேட்டார். ஆம் என்றேன்.

2022 டிசம்பரில் எஞ்சின் பேசிற்று. அதற்குள் வலக்கண்ணிலும் பெரிய அளவில் இருள் படிந்துவிட்டது. மருத்துவர் கூறியதில் எங்களுக்குப் புதிதாக ஒன்றுமில்லை. ஆயினும் இனி நாள் கடத்த முடியாது என்பது புரிந்தது. பிரேக்கைச் சோதிக்க எறையூர்ச் சாலையில் இருட்டும் முன் மெதுவாக ஓட்டினோம். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் ஒதுங்கி வழிவிட்டன. அவற்றில் சிலரின் தகப்பனார்களுக்கு அப்பாவைத் தெரிந்திருக்கும்.

2023 தை மாதம் மூன்றாம் வெள்ளி. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் சந்நிதி திங்களும் வெள்ளியும் மட்டுமே திறப்பது அன்பர்கள் அறிந்ததே. விடியற்காலையில் டிரனியனுக்கு எண்ணெய் விட்டேன். சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தாள் என் மனைவி. வாலிகண்டபுரம் தாண்டும்போது அப்பா வலப்பக்கம் கை கூப்பினார். கோபுரம் அவர் கண்ணில் பட்டிருக்காது, சாலை வளைவைக் கொண்டு கணித்திருப்பார். நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் நான் போகவில்லை. பெரிய பேருந்துகள் ஒலியெழுப்பிக் கடந்தன. பின் இருக்கையில் என் மனைவி மாவிளக்குத் தட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

கோயிலில் கூட்டம் இருந்தது. உண்டியல் அருகே கொண்டு போய் அப்பாவின் கையைப் பிடித்து வாய் இருக்கும் இடத்தைக் காட்டினேன். மஞ்சள் துணியை அவர் பிரிக்கவில்லை. எலி கடித்த அதே துணியோடு உள்ளே விட்டார். காசு விழும் ஓசையைக் கேட்கத் தலையைச் சாய்த்து நின்றார். துணியோடு விழுந்ததால் ஓசை அதிகம் வரவில்லை. “போயிடுச்சா?” என்றார். போய்விட்டது என்றேன்.

அம்மன் முன்னால் அவர் என்ன வேண்டிக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை. அர்ச்சகர் தீபத்தைச் சற்று நேரம் கூடுதலாகக் காட்டினார். ஒளி ஒன்று அசைவது தெரிந்ததாக அப்பா பின்னர் சொன்னார்.

திரும்பும்போது பெரம்பலூரில் காபிக்கு நிறுத்தினோம். நாலைந்து இளைஞர்கள் வண்டியைச் சூழ்ந்துகொண்டு படம் எடுத்தார்கள். ஒருவர் விலை கேட்டார். பானெட்டைத் திறந்து காட்டும்படி அப்பா எனக்குச் சொன்னார். முன்பகுதி முழுவதும் சாய்ந்து திறந்ததும் அவர்கள் எழுப்பிய வியப்பொலியை முகம் மலரக் கேட்டுக்கொண்டிருந்தார். மங்கலமேட்டை நெருங்கும்போது திடீரென்று, “பின்னால இடது பக்கம் ஒரு சத்தம் வருது, கேக்குதா?” என்றார். எனக்குக் கேட்கவில்லை. என் மனைவிக்கும் கேட்கவில்லை. எறையூர் வரும் வரை அவர் வேறு எதுவும் பேசாமல் அந்த ஒலியையே கவனித்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை ஜாக்கி வைத்து இடப்பக்கப் பின்சக்கரத்தைக் கழற்றினோம். பிரேக் ஷூவை இழுத்துப் பிடிக்கும் சிறு ஸ்பிரிங் ஒன்று கொக்கியிலிருந்து நழுவியிருந்தது.